ஸ்டூடண்ட், பியூபில், லேர்னர்: மூன்றுக்கும் ‘மாணவர்’ போதுமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு பள்ளி, தமிழ்ப் பெற்றோருக்காகத் தன் கையேட்டைத் தமிழில் கேட்கிறது. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ‘பியூபில்’. கடைசிப் பகுதியில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்ததும் ‘ஸ்டூடண்ட்’ என்று மாறிவிடுகிறது. மொழிப்பாடம் பற்றிய பத்தியில் மட்டும் ‘லேர்னர்’. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ‘மாணவர்’தான் கிடைக்கிறது.

மூன்றையும் ‘மாணவர்’ என்றே எழுதினால் எங்காவது பொருள் கெடுமா? எதிர்த்திசையிலும் கேள்வி இருக்கிறது. தமிழில் ‘மாணவர்’ என்று வரும் இடங்களை ஆங்கிலமாக்கும்போது எங்கே எதைப் போடுவது?

வகுப்பறைவாசல் எழுதியது:

பத்து வரியில் ஒன்பதில் ‘மாணவர்’ போதும். அந்தப் பத்தாவது வரியைக் கண்டுபிடிக்கத்தான் வேறுபாடு தெரிய வேண்டும்.

‘ஸ்டூடண்ட்’ என்ற சொல் அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதைச் சொல்கிறது. லத்தீனில் ‘ஸ்டுடேரே’ என்றால் ஒன்றில் ஆர்வத்தோடு ஈடுபடுவது, முனைவது. ‘பியூபில்’ அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதனால்தான் ‘ஸ்டூடண்ட் ஆஃப்’ என்றதும் பின்னால் ஒரு பாடம் வரலாம்: வரலாறு, தாவரவியல், மனித சுபாவம். ‘பியூபில் ஆஃப்’ என்றதும் பின்னால் ஒரு பள்ளியோ ஓர் ஆசிரியரோதான் வர முடியும். ‘பியூபில் ஆஃப் ஹிஸ்டரி’ என்று எழுதினால் ஆங்கிலம் பிறப்பிலேயே பேசுபவர் வாசிப்பை நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பார்.

நாட்டுக்கு நாடு எல்லை வேறு. பிரிட்டனில் தொடக்கப்பள்ளிப் பிள்ளை பியூபில்தான். அங்கே ஸ்டூடண்ட் என்பது செயற்கையாக ஒலிக்கும். மேல்நிலையில் பதினோராம் ஆண்டு வரை, அதாவது சுமார் பதினாறு வயது வரை, பியூபில். அதற்கு மேல் சிக்ஸ்த் ஃபார்ம் (பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டுகள்), கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் ஸ்டூடண்ட். உங்கள் கையேடு அந்த மரபைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறது. இப்போது பல மேல்நிலைப் பள்ளிகள் பதினோரு வயதுப் பிள்ளையையும் ஸ்டூடண்ட் என்கின்றன, அதுவும் பிழையல்ல.

அமெரிக்காவில் முதல் வகுப்பிலிருந்தே ஸ்டூடண்ட். 2015-இல் வந்த அவர்களுடைய பள்ளிக் கல்விச் சட்டத்தின் பெயரே ‘எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ் ஆக்ட்’. இருந்தாலும் கணக்கு வழக்கில் பழைய சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு ‘பெர்-பியூபில் ஸ்பெண்டிங்’. கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டத் தொகுப்பில் இன்றும் பக்கத்துக்குப் பக்கம் பியூபில்தான்.

நம் ஊரிலும் அப்படித்தான். பேச்சில் எல்.கே.ஜி. பிள்ளையும் ஸ்டூடண்ட்; படிவத்திலும் சட்டத்திலும் பியூபில் தலைகாட்டும்.

சொல்லேர் எழுதியது:

‘பொறுப்பில் இருப்பவர்’ என்று வகுப்பறைவாசல் சொன்னது அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. லத்தீனில் ‘பூபுஸ்’ சிறுவன், ‘பூபா’ சிறுமி, பொம்மை. அவற்றின் குறுக்கம் ‘பூபில்லுஸ்’, ‘பூபில்லா’. ரோமச் சட்டத்தில் தகப்பனை இழந்து, பருவம் அடையாமல், பாதுகாவலர் ஒருவரின் கையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயர். பாதுகாவலரின் பெயர் என்ன தெரியுமா? ‘டியூட்டர்’. காப்பவர் என்று பொருள். இன்று டியூஷன் எடுப்பவரும் டியூஷனுக்குப் போகிற பிள்ளையும் சுமக்கும் இரண்டு சொற்களும் ஒரு காலத்தில் காப்பாளரும் காக்கப்படும் குழந்தையும்.

இது மறைந்துபோன பழங்கதை இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பதினான்கு வயதுக்குக் கீழ் ஆண்பிள்ளையும், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பெண்பிள்ளையும் ‘பியூபில்’ என்றே வழங்கப்பட்டார்கள். அவர்கள் பள்ளிக்குப் போனார்களா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 1991-இல் வந்த சட்டம்தான் அந்தப் பிரிவை எடுத்தது. பழைய ஸ்காட்லாந்து உயிலையோ வழக்கையோ மொழிபெயர்ப்பவர் அங்கே ‘மாணவர்’ என்று எழுதினால் சொத்து வழக்கு பள்ளிக்கூட வழக்காகிவிடும்.

இனி, கண்ணில் இருக்கும் பியூபில். வெளிச்சத்தில் ஒருவருக்கு முகத்தோடு முகம் வைத்து, ஒரு சாண் தொலைவில் அவர் கண்ணின் கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். அதற்குள் உங்கள் உருவம் விரல்நுனி அளவுகூட இல்லாமல் சின்னப் பொம்மையாக நிற்கும். அந்தப் பொம்மையைப் பார்த்துத்தான் லத்தீன்காரர் ‘பூபில்லா’ என்றார்கள். கிரேக்கத்தில் ‘கோரே’ என்ற ஒரே சொல்லுக்குச் சிறுமி, பொம்மை, கண்மணி மூன்றும் பொருள். இந்தியில் ‘புத்லி’ பொம்மையும் ஆகும், கண்மணியும் ஆகும். நமக்கோ ‘பாவை’. பொம்மை, பெண், கண்ணின் மணி. வள்ளுவரின் ‘கருமணியிற் பாவாய்’ என்ற 1123-ஆம் குறள், கண்ணுக்குள் இருக்கும் பாவையை ‘நீ போய்விடு, என் காதலிக்கு இடம் வேண்டும்’ என்று விரட்டுவது இந்தப் பொருளை வைத்துத்தான். பேச்சில் ‘கண்ணுப் பாப்பா’ என்கிறோமே, அதுவும் அதே பார்வை. ‘பூபா’வும் ‘பாப்பா’வும் ஒலியில் நெருங்கியிருப்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். குழந்தை வாய்க்கு எளிதில் வருவது ப-வும் ம-வும். எல்லா ஊரிலும் அப்படிச் சொல் பிறக்கும்.

பூச்சியின் கூட்டுப்புழுவுக்கு ‘பியூபா’ என்ற பெயரும் இந்தப் பொம்மையிலிருந்து வந்ததுதான். துணியில் சுற்றிய பிள்ளை மாதிரி இருக்கிறதல்லவா.

சட்டமேசை எழுதியது:

சட்ட ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை சில.

இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ‘பியூபில்’ என்பதை வரையறுக்கிறது: பள்ளி ஒன்றில் யாருக்குக் கல்வி அளிக்கப்படுகிறதோ அவர். பத்தொன்பது வயது நிரம்பி மேற்கல்வி பெறுபவர் அதில் சேரமாட்டார். ஆகவே அந்நாட்டு அரசுக் கடிதத்தில் பியூபில் என்று வந்தால் அது எழுதியவரின் ரசனை சார்ந்த தேர்வல்ல, சட்டச் சொல். ஒரு கடிதத்துக்குள் ‘மாணவர்’, ‘பிள்ளை’, ‘குழந்தை’ என்று மாற்றி மாற்றிப் போடாதீர்கள். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வையுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம் ‘லேர்னர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. கல்வி பெறுபவரோடு, கல்வி பெற வேண்டிய கடப்பாடு உடையவரும் அதில் அடக்கம். அங்கே ‘கிரேட் த்ரீ லேர்னர்’ என்றால் நம் மூன்றாம் வகுப்பு மாணவர், அவ்வளவுதான். ‘கற்றுக்கொண்டிருக்கும் தொடக்க நிலையாளர்’ என்று விரித்துவிட வேண்டாம்.

லண்டன் வழக்கறிஞர் உலகத்தில் ‘பியூபில்’ வந்தால் வயதே வேறு. பாரிஸ்டர் ஆவதற்கான பயிற்சியின் கடைசிக் கட்டம் ‘பியூபிலேஜ்’. வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். முதல் ஆறு மாதம் மூத்தவரின் பின்னாலிருந்து பார்ப்பது. அடுத்த ஆறு மாதத்தில் மேற்பார்வையோடு தாமே வழக்கில் ஆஜராகலாம். முப்பது வயதுக்காரரும் பியூபில்தான். தமிழில் ‘பயிற்சி பாரிஸ்டர்’ என்று போட்டால் விளங்கும். ‘ஜூனியர்’ என்று போடுவது தவறாகிவிடும். நம் நீதிமன்ற வளாகத்தில் ஜூனியர் என்பவர் ஏற்கெனவே பதிவு பெற்ற வழக்கறிஞர்.

தம்புரா எழுதியது:

இசைக் கலைஞர்களின் ஆங்கிலக் குறிப்புகளில் ‘டிசைப்பிள் ஆஃப்’ என்றே எழுதுகிறார்கள். அதை ‘பியூபில் ஆஃப்’ என்று மாற்றலாமா?

வகுப்பறைவாசல் எழுதியது:

@தம்புரா, மாற்றலாம், பல இடங்களில் மாற்றுவதே நல்லது. ஒரே ஆசிரியரிடம் நேரில் அமர்ந்து நெடுங்காலம் பயின்றவருக்கு ‘பியூபில் ஆஃப்’ பொருத்தமான சொல். மேற்கத்திய இசை, ஓவிய வரலாறுகளில் இதுவே வழக்கு, வயது குறுக்கே வராது. உ.வே.சாமிநாதையரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ‘பியூபில்’ என்றால் அந்த உறவு சரியாக வந்துவிடும். ‘ஸ்டூடண்ட்’ என்றால் ஒரு செமஸ்டர் வகுப்பு கேட்டவரும் அதில் அடங்குவார்.

‘டிசைப்பிள்’ லத்தீனில் கற்பவர் என்ற பொருளில் பிறந்தாலும், பைபிள் வழியாக வந்து ஒரு கொள்கையை, ஒரு வழியை ஏற்றவர் என்ற கனம் அதில் ஏறிவிட்டது. குரு–சிஷ்யர் உறவை நீங்கள் அந்தக் கனத்தோடு சொல்ல விரும்பினால் அது தவறில்லை. மூன்று மாதப் பயிற்சி வகுப்புக்குப் போனவரை அப்படிச் சொல்லாதீர்கள்.

எல்போர்டு எழுதியது:

‘லேர்னர்’ பக்கம் யாரும் இன்னும் சரியாக வரவில்லை. அந்தச் சொல்லில் வயதும் இல்லை, பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஒரு திறமை இன்னும் முழுதாகக் கைவரவில்லை என்பது மட்டும் இருக்கிறது. ஆகவே மொழி, வண்டி, நீச்சல் போன்ற இடங்களில் இயல்பாக உட்காரும். அறுபது வயதில் ஜெர்மன் கற்பவர் வகுப்பில் சேராவிட்டாலும் லேர்னர். ஸ்டூடண்ட் ஆக ஏதோ ஒரு சேர்க்கை வேண்டும். ‘ஸ்லோ லேர்னர்’, ‘குயிக் லேர்னர்’ என்று வேகத்தைச் சொல்வதற்கும் இதுதான். ‘குயிக் ஸ்டூடண்ட்’ கிடையாது.

தமிழில் இதற்கு அருமையான ஆட்சிச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: பழகுநர். எல்.எல்.ஆர். என்று நாம் சொல்வதன் தமிழ்ப் பெயர் ‘பழகுநர் உரிமம்’. ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’. ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்சாலையில் சேரும் அப்ரென்டிஸுக்குத் ‘தொழிற்பழகுநர்’. இரண்டிலும் ‘கையால் பழகுதல்’ இருப்பதால் சொல் ஒட்டுகிறது. மொழி கற்பவருக்கு மட்டும் ‘கற்பவர்’ என்று போடுங்கள். ‘தமிழ் பழகுநர்’ என்பது காதில் சரியாக விழவில்லை.

மொழிமேசை எழுதியது:

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘ட்ரெய்னி’ என்பதைப் ‘பயிற்சியாளர்’ என்று எழுதும் பழக்கம் அறிவிப்புகளில் பரவிக்கிடக்கிறது. கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர் என்றால் கோச். அதே சொல் கற்றுக்கொடுப்பவருக்கும் கற்றுக்கொள்பவருக்கும் வந்தால், ‘பயிற்சியாளர்களுக்கு மாதம் ஊதியம் வழங்கப்படும்’ என்ற வரியில் பணம் யாருக்கு என்று தெரியாது. கற்பவருக்குப் ‘பயிற்சி பெறுபவர்’ அல்லது ‘பயிலுநர்’. தொழிற்பெயருக்கு முன்னால் ‘பயிற்சி’ வந்தால் குழப்பமில்லை: பயிற்சி மருத்துவர், பயிற்சி ஆசிரியர்.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் ‘பியூபில்-டீச்சர்’ என்ற சொல்லில் உண்டு. இங்கிலாந்தில் 1846-இல் தொடங்கிய முறைப்படி, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து ஆண்டு தலைமையாசிரியரிடம் பழகுநராக இருந்து, சின்ன வகுப்புகளுக்குப் பாடமும் நடத்தும். அந்தப் பிள்ளைதான் பியூபில்-டீச்சர். வட இந்தியாவில் பி.எட். படிப்பவரை இன்னும் அப்படி அழைக்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று ‘ஸ்டூடண்ட் டீச்சர்’ அல்லது ‘ட்ரெய்னி டீச்சர்’.

அதே இரண்டு சொல்லும் ‘பியூபில்-டீச்சர் ரேஷியோ’வில் வேறு பொருளில் வரும்: மாணவர்–ஆசிரியர் விகிதம். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 25-ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். அட்டவணைப்படி ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அதாவது 30:1. தமிழில் நாம் வழக்கமாக ‘ஆசிரியர்–மாணவர் விகிதம்’ என்று திருப்பிச் சொல்கிறோம். சொல்லைத் திருப்பினால் எண்ணையும் திருப்ப வேண்டும்: 1:30. சொல் ஒரு பக்கமும் எண் மறுபக்கமும் நின்றால் ஒரு பிள்ளைக்கு முப்பது ஆசிரியர் என்றாகிவிடும். மெய்ப்பு பார்ப்பவர்கள் எண்ணைச் சரிபார்ப்பார்கள், வரிசையைப் பார்க்கமாட்டார்கள். பிழை அப்படியே அச்சேறும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதிர்த்திசைக் கேள்வி மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டுச் சான்றிதழ்களையும் கடிதங்களையும் வெளிநாட்டுக்கு ஆங்கிலமாக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

மொழிமேசை எழுதியது:

முதலில் ‘மாணவர் விடுதி’. இது அநேகமாக எல்லா ஊரிலும் ஆண்பிள்ளைகள் விடுதி. பக்கத்திலேயே ‘மாணவியர் விடுதி’ என்று இன்னொரு பலகை இருக்கும். ‘ஸ்டூடண்ட் ஹாஸ்டல்’ என்று எழுதினால் இருபாலருக்கும் பொது என்றாகும். ‘பாய்ஸ் ஹாஸ்டல்’ என்று எழுதுங்கள். ‘மாணவ மாணவியர்’ என்று வருமிடத்தில் மாறாக, ‘ஸ்டூடண்ட்ஸ்’ என்ற ஒன்றே போதும். தமிழில் மரியாதைக்காக இரண்டையும் சொல்கிறோம்; ஆங்கிலச் சொல் இரண்டையும் ஏற்கெனவே அடக்கிக்கொண்டிருக்கிறது. ஆக ‘மாணவர்’ என்பது ஓரிடத்தில் ஆண், ஓரிடத்தில் பொது. பக்கத்தில் ‘மாணவி’ வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது போனஃபைட் சான்றிதழ். கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சாகி வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘திஸ் இஸ் டு சர்டிஃபை தட் இன்னார் இஸ் எ போனஃபைட் ஸ்டூடண்ட் ஆஃப் அவர் காலேஜ், ஸ்டடியிங் இன் செகண்ட் இயர் பி.எஸ்ஸி. டூரிங் த அகாடமிக் இயர் இன்னது.’ இதில் இலக்கணப் பிழை பெரிதாக இல்லை, ஆனால் விசா அதிகாரிக்கு வேண்டிய தகவல் இல்லை. முழுநேரமா பகுதிநேரமா, எத்தனை ஆண்டுப் படிப்பில் எத்தனையாவது ஆண்டு, எப்போது சேர்ந்தார், எப்போது முடிப்பார் என்ற நான்கும் விட்டுப்போகும். ‘போனஃபைட்’ என்றால் லத்தீனில் ‘நல்லெண்ணத்தோடு’, அதாவது மெய்யான என்று பொருள். ஆள் போலியல்ல என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்வதில்லை. ‘இஸ் என்ரோல்டு அஸ் எ ஃபுல்-டைம் ஸ்டூடண்ட் இன் த செகண்ட் இயர் ஆஃப் எ த்ரீ-இயர் பேச்சலர் ஆஃப் சயன்ஸ் ப்ரோக்ராம்’ என்று எழுதி, தொடங்கிய நாளையும் முடியும் நாளையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: இது சான்றிதழ் கொடுப்பவர் செய்ய வேண்டிய மாற்றம். மொழிபெயர்ப்பவர் தாமாகச் சேர்க்கக் கூடாது. மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் எழுதுவது குற்றம்.

‘பாஸ்டு அவுட்’ வேண்டவே வேண்டாம். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால் வெளியே உள்ளவர் மயங்கி விழுந்ததாகத்தான் படிப்பார். ராணுவப் பயிற்சியை முடிக்கும் ‘பாசிங்-அவுட் பரேட்’ என்ற பிரிட்டிஷ் வழக்கோடு அந்தச் சொல் நின்றுகொள்கிறது. ‘கிராஜுவேட்டட் இன் 2019’ என்று எழுதுங்கள். பள்ளி முடித்ததற்கு பிரிட்டனில் ‘லெஃப்ட் ஸ்கூல்’ அல்லது ‘ஃபினிஷ்டு ஸ்கூல்’. அமெரிக்காவில் பள்ளிக்கும் கிராஜுவேட் செல்லும்.

‘ஃப்ரெஷர்’ இன்னொன்று. நமக்கு வேலை அனுபவம் இல்லாத பட்டதாரி. பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்து மாணவர். இருவருக்கும் இடையே குறைந்தது மூன்று ஆண்டு இருக்கிறது. ‘டே ஸ்காலர்’ நம் ஊரில் விடுதியில் தங்காதவர். வெளியே அது புரிய வேண்டுமானால் ‘நான்-ரெசிடென்ட்’ என்றோ, பள்ளியானால் ‘டே பியூபில்’ என்றோ போட வேண்டும். ‘ரிசர்ச் ஸ்காலர்’ என்று நாம் சொல்லும் முனைவர் பட்ட மாணவரை ‘டாக்டோரல் ஸ்டூடண்ட்’ என்றால் எங்கும் விளங்கும். ‘ஸ்காலர்’ மட்டும் தனியாக நின்றால் படித்துத் தேர்ந்த அறிஞர் அல்லது உதவித்தொகை வென்றவர்.

கரும்பலகை எழுதியது:

அபாஸ்ட்ரஃபி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் தடுமாறாதவர் குறைவு. ஒரு மாணவருடைய பை என்றால் ‘ஸ்டூடண்ட்’ எழுதி, குறியிட்டு, பிறகு எஸ். மாணவர்கள் பலருடைய சங்கம் என்றால் ‘ஸ்டூடண்ட்ஸ்’ எழுதிவிட்டு, எஸ்ஸுக்குப் பிறகு குறி. வகையைச் சொல்லும் முன்சொல்லாக வந்தால் எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை: ஸ்டூடண்ட் லோன், ஸ்டூடண்ட் விசா, ஸ்டூடண்ட் கவுன்சில். அமைப்பு தன் பெயரை எப்படிப் பதிவுசெய்திருக்கிறதோ அதை அப்படியே வையுங்கள், திருத்தாதீர்கள்.

பிறகு ‘அலும்னி’. ‘ஐ ஆம் ஆன் அலும்னி’ என்பது ஒருவர் தன்னைப் ‘முன்னாள் மாணவர்கள்’ என்று சொல்லிக்கொள்வது போல. ஆண் ஒருவர் அலும்னஸ், பெண் ஒருவர் அலும்னா, பெண்கள் பலர் அலும்னே, ஆண்களோ கலந்தோ பலர் அலும்னி. இந்த நான்கும் சுமையாகத் தெரிந்தால் பேச்சில் ‘அலம்’ என்று சுருக்கலாம், பால் பிரச்சினையும் தீரும். ஆங்கில உச்சரிப்பில் ஆண்பால் பன்மை ‘அலம்னை’, பெண்பால் பன்மை ‘அலம்னீ’. லத்தீன் முறையில் படித்தால் அப்படியே தலைகீழ். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் ஒரு முறையைத் தேர்ந்து அதில் நிற்பது நல்லது. லத்தீனில் அலும்னஸ் என்றால் ஊட்டி வளர்க்கப்பட்டவர். ‘ஆல்மா மேட்டர்’ என்பது ஊட்டி வளர்த்த தாய். சொல்லேர் காட்டிய காப்பாளரும் பிள்ளையும் போல இதிலும் வளர்ப்புதான் அடியில் கிடக்கிறது.

பாவலர்தெரு எழுதியது:

பியூபில் பழமைப்பட்டுவிட்டது, எல்லாவற்றுக்கும் ஸ்டூடண்ட் போட்டால் யாரும் தவறு சொல்லப்போவதில்லை என்பதே என் கருத்து. இத்தனை நுணுக்கம் தேவையா?

வகுப்பறைவாசல் எழுதியது:

@பாவலர்தெரு, உங்கள் சொந்தக் கட்டுரையில் போடுங்கள், யாரும் தவறு சொல்லமாட்டார்கள். மற்றவருடைய வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போதும் படிக்கும்போதும்தான் சிக்கல். பெரிய எழுத்தில் தொடங்கும் ‘ஸ்டூடண்ட்’ இரண்டு இடங்களில் மாணவரே அல்ல. புள்ளியியலில் ‘ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்று வருவது மாணவர்களுக்கான சோதனை இல்லை. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலைபார்த்த வில்லியம் சீலி காசெட், 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. ‘மாணவர் டி-சோதனை’ என்று எழுதினால் பெயரை மொழிபெயர்த்ததாகிவிடும். ‘ஸ்டூடண்டின் டி-சோதனை’ என்றுதான் இருக்க வேண்டும். இன்னொன்று, ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி. அங்கே ‘ஸ்டூடண்ட்’ என்பது மற்றக் கல்லூரிகளில் ‘ஃபெல்லோ’ எனப்படுபவர், அதாவது கல்லூரியின் மூத்த உறுப்பினர். லூயிஸ் கரோல் என்று உலகம் அறிந்த கணித ஆசிரியர் டாட்ஜ்சன் பல்லாண்டுகள் அங்கே ‘ஸ்டூடண்ட்’ ஆக இருந்தார். ‘நாற்பது வயதிலும் மாணவராகவே இருந்தார்’ என்று மொழிபெயர்த்தால் மனிதரைத் தேறாதவர் ஆக்கிவிடுவோம்.

‘மெச்சூர் ஸ்டூடண்ட்’ என்பதையும் ‘முதிர்ந்த மாணவர்’ என்று எழுதாதீர்கள். பிரிட்டனில் இளநிலைப் படிப்பைத் தொடங்கும்போது இருபத்தொரு வயதைக் கடந்தவர் என்பது மட்டுமே அதன் பொருள். ‘தாமதமாகச் சேர்ந்த மாணவர்’ என்றால் பொருந்தும்.

சொல்லேர் எழுதியது:

ஆங்கிலத்தில் இத்தனை பிரிவு இருக்க, தமிழில் ஒரே சொல்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிவு வேறு கோட்டில் இருக்கிறது. வடமொழியில் ‘மாணவ’ என்றால் சிறுவன். பழந்தமிழில் ‘மாணி’ என்றால் மணமாகாமல் கற்கும் இளைஞன், மூன்றடி மண் கேட்ட வாமனனுக்கும் அதுவே பெயர். இலக்கண நூல்கள் விரும்புவது ‘மாணாக்கர்’. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கரை வயதாலும் பிரிக்கவில்லை, பள்ளியாலும் பிரிக்கவில்லை. கேட்டதை என்ன செய்கிறார் என்பதால் பிரித்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி இவை கடை.

நெய்யரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உருக்கிய நெய்யை வடிக்கும் பன்னாடை அது. நெய் முழுதும் கீழே ஓடிவிடும், கசடு மட்டும் மேலே தங்கும். வடிப்பவருக்கு அது நல்ல கருவி. மாணாக்கருக்கு அது கடைசி இடம். நல்லதை விட்டுவிட்டு அல்லதைப் பிடித்துக்கொள்பவர் என்பதற்கு இதைவிட நெருக்கமான உவமை கிடைப்பது கடினம். ஓட்டைக் குடத்தில் எதுவும் தங்காது, நெய்யரியில் வேண்டாதது தங்கும். இரண்டும் ஒன்றல்ல, அதனால்தான் இரண்டையும் சொன்னார்.

நடைமுறைக்கு வந்தால்: ‘மாணாக்கர்’ ஏற்கெனவே பன்மையாகவும் வருவதால் ‘மாணாக்கர்கள்’ தேவையில்லை, ஆனால் வழக்கில் நுழைந்துவிட்டது. பெற்றோர் கையேட்டில் மாணாக்கர் சற்றுக் கனமாக இருக்கும். ‘பிள்ளை’ என்பது பியூபிலுக்கு உள்ள பொறுப்பையும் பாசத்தையும் சேர்த்துத் தரும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இப்படி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பெற்றோரை நோக்கிப் பேசும் வரிகளில் ‘உங்கள் பிள்ளை’. விதிகளைச் சொல்லும் வரிகளில் ‘மாணவர்’. சிக்ஸ்த் ஃபார்ம் பகுதியிலும் ‘மாணவர்’, முதல் இடத்தில் மட்டும் ‘பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டு மாணவர்’. மொழிப்பாடத்தில் ‘ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகக் கற்பவர்’. ‘பியூபில் ரெஃபரல் யூனிட்’ என்பதை ‘மாணவர் பரிந்துரைப் பிரிவு’ என்றும், ‘நம்பர் ஆன் ரோல்’ என்பதை ‘வரிசை எண்’ என்றும், ‘பியூபில் பிரீமியம்’ என்பதை ‘மாணவர் ஊக்கத்தொகை’ என்றும் போட்டிருக்கிறேன்.

சட்டமேசை எழுதியது:

@ஏட்டுச்சுவடி, முதல் பாதி அருமை. கடைசி மூன்றையும் மாற்றுங்கள்.

‘நம்பர் ஆன் ரோல்’ வரிசை எண் அல்ல. பள்ளியின் பதிவேட்டில் உள்ள மொத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை. ‘பியூபில் ரெஃபரல் யூனிட்’ என்பது பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட, அல்லது நோய் முதலிய காரணங்களால் வழக்கமான பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி. ‘பிரிவு’ என்றால் பெற்றோர் ஏதோ அலுவலக அறை என்று நினைப்பார்கள். ‘மாற்றுக் கல்வி மையம்’ என்று போட்டு, ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் கொடுங்கள், கடிதம் வரும்போது அடையாளம் தெரியும்.

‘பியூபில் பிரீமியம்’தான் இருப்பதில் ஆபத்தானது. 2011 முதல் இங்கிலாந்து அரசு பள்ளிகளுக்குக் கொடுக்கும் கூடுதல் நிதி அது. கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகள் முக்கியமாக அந்தக் கணக்கில் வருவார்கள். பணம் பள்ளிக்குப் போகிறது, பெற்றோர் கைக்கு வருவதில்லை. ‘ஊக்கத்தொகை’ என்று எழுதினால் நம் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் போய் ‘எங்கள் பிள்ளையின் பணம் எங்கே’ என்று கேட்பார்கள், கேட்பதில் தவறும் இருக்காது. ‘பின்தங்கிய சூழலில் உள்ள மாணவர்களுக்காகப் பள்ளிக்கு வழங்கப்படும் கூடுதல் நிதி’ என்று முழுதாக ஒரு முறை எழுதிவிட்டு, பிறகு ‘பியூபில் பிரீமியம் நிதி’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளையின் பெயரில் பள்ளிக்கு வர வேண்டியது வராது. கையேட்டில் விண்ணப்பப் பத்தி எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்க எண்ணை இந்த வரிக்குப் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.